ஆய்வுக்குழுவின் கைவேலையை மாணவர் மேசைக்குக் கொண்டுவரும் கருவி: க்யூடூல்ஸ் ‘க்யூஇடி’ மதிப்புரை

மியூனிக் நகரில் இயங்கும் க்யூடூல்ஸ் நிறுவனத்தின் ‘க்யூஇடி’ என்ற கருவி, குவாண்டம் பின்னலை (இரண்டு துகள்கள் தொலைவில் பிரிந்திருந்தாலும் அவற்றின் அளவீடுகள் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும் நிலையை) மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்ப்பதற்கென்று உருவாக்கப்பட்டது. நான் பணிபுரியும் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் ஒளியியல் குழு, முதுநிலை மாணவர்களின் செய்முறைப் பயிற்சியில் இதைப் பயன்படுத்துகிறது. அந்தப் பயிற்சியை நடத்தும் பொறுப்பில் நானும் இருக்கிறேன். கருவியின் தொழில்நுட்பக் குறிப்புகளை நிறுவனமே விரிவாகத் தந்திருக்கிறது என்பதால், அவற்றை வரிசையாக ஒப்பிக்க இந்த மதிப்புரை தேவையில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு கேள்விதான்: ஒரு குவாண்டம் ஒளியியல் குழுவில் இருப்பவர்கள் நாள்தோறும் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை இந்தக் கருவி மாணவருக்கு உணர்த்துகிறதா? பெருமளவுக்கு உணர்த்துகிறது, அதனாலேயே இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். உணர்த்தாமல் மூடிவைக்கும் இடம் ஒன்றும் இதில் உண்டு. பயிற்சி நடத்துகிறவர்கள் அதை அறிந்துகொண்டால் ஈடுசெய்துவிட முடியும்.

இந்தக் கருவியின் பிறப்பே ஓர் ஆய்வுக்குழுவில்தான். க்யூடூல்ஸ், மியூனிக்கின் லுட்விக் மாக்சிமிலியான் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த நிறுவனம். அங்கே ஹரால்ட் வைன்ஃபுர்ட்டர் தலைமையில் இயங்கும் குழு, குவாண்டம் ஒளியியலில் மிக முக்கியமான ஒரு மரபின் தொடர்ச்சி. 1990-களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் ஆன்டன் சைலிங்கரின் குழுவில் வைன்ஃபுர்ட்டர் பணியாற்றினார். ஒளித்துகளாகிய ஃபோட்டான் ஒன்றின் நிலையை மற்றொரு ஃபோட்டானுக்கு மாற்றிக்காட்டிய 1997-ஆம் ஆண்டின் டெலிபோர்ட்டேஷன் சோதனைக் கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறது. அதே கட்டுரையில் பெயர் இடம்பெற்ற ஜியான்-வெய் பான், பின்னாளில் சீனாவின் குவாண்டம் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளான மிசியஸ் திட்டத்தை வழிநடத்தினார். 1998-இல் அதே குழு, இன்ஸ்ப்ரூக் வளாகத்தில் 400 மீட்டர் இடைவெளியில் இரண்டு நிலையங்களை அமைத்து, ஒரு நிலையத்தின் அளவீட்டுத் தேர்வு ஒளியின் வேகத்தில்கூட மற்ற நிலையத்தைச் சென்றடைய முடியாதபடி பெல் சமனின்மையைச் சோதித்தது. குவாண்டம் அல்லாத செவ்வியல் விளக்கங்களுக்கு உள்ள எல்லையைச் சொல்லும் விதி அது; இரு பக்க அளவீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை S என்ற எண் காட்டும். கிரெகோர் வைஸ் முதல் ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரையில் கிடைத்த S மதிப்பு 2.73. செவ்வியல் கருத்துப்படி S மதிப்பு 2-ஐத் தாண்டவே கூடாது. சைலிங்கருக்கு அலான் ஆஸ்பே, ஜான் கிளவுசர் இருவருடனும் சேர்த்து 2022-இல் வழங்கப்பட்ட நோபல் பரிசின் பின்னே நிற்கும் பணிகளில் இதுவும் அடங்கும்.

வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. க்யூஇடி கருவியின் தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒரு குழுவினர் இரவெல்லாம் விழித்து எடுத்த முடிவுகளின் விளைவு. மையத்தில் இருக்கும் படிக இணையையே பாருங்கள். பேரியம் போரேட் படிகத்தின் மெல்லிய தகடுகள் இரண்டை, ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பி, அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த அமைப்பை 1999-இல் லாஸ் அலமோஸில் பால் க்வியாட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்டார்கள். க்வியாட்டும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இன்ஸ்ப்ரூக் குழுவோடு சேர்ந்து உழைத்தவர்தான். 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஊதா லேசர் ஒளி இந்தப் படிகங்களுக்குள் புகும்போது, கோடிக்கணக்கான ஃபோட்டான்களில் ஏதோ ஒன்று இரண்டாகப் பிளந்து, 810 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரட்டை ஃபோட்டான்களாக வெளிவருகிறது. பிளவு முதல் படிகத்தில் நிகழ்ந்ததா, இரண்டாவதில் நிகழ்ந்ததா என்று கண்டறிய வழியே இல்லாதபடி அமைத்துவிட்டால், இரண்டு ஃபோட்டான்களின் தளவிளைவும் (ஒளி அதிரும் திசையும்) பின்னிக்கொள்கிறது. அந்த ‘வழியே இல்லாதபடி’ என்பதைச் சாதிப்பதுதான் மேசையில் நடக்கும் முழு வேலையும்.

இனி, கருவியோடு செலவிடும் முதல் மணிநேரத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். இரட்டை ஃபோட்டான்கள் படிகத்திலிருந்து வெளிவந்து, கண்ணாடிகளில் பட்டு, ஒற்றைப்பாங்கு ஒளியிழைகளுக்குள் புக வேண்டும். அந்த இழையின் உட்கருவின் விட்டம் சில மைக்ரோமீட்டர்தான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஒளியோ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரிகிற நிறமாக இருந்தாலும் இவ்வளவு குறைவான ஃபோட்டான்களைக் கண்ணால் காண இயலாது. எனவே மாணவர் செய்யக்கூடியது ஒன்றே: கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தின் இரண்டு திருகுகளையும் விரல்நுனியால் மிக மெல்லத் திருப்பி, திரையில் ஓடும் ஃபோட்டான் எண்ணிக்கையைப் பார்ப்பது. கிடைமட்டத் திருகைச் சற்றே தவறான பக்கம் நகர்த்தி, நிமிர்திருகால் எண்ணிக்கையை மீட்டெடுத்து, முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்த்து, கூடவில்லையென்றால் எதிர்ப்பக்கம் நகர்த்துவது. இந்தப் பழக்கம் கைக்கு வரும்வரை எண்ணிக்கை இரண்டாயிரத்திலேயே நிற்கும். வந்துவிட்டால் சில நிமிடங்களில் பல மடங்கு ஏறிவிடும். முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் முதல் ஆண்டின் பெரும்பகுதியை இந்த ஒரே அசைவைப் பழகுவதில்தான் கழிக்கிறார்கள் என்று சொன்னால், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நம்புவதில்லை. க்யூஇடி அதைச் சில மணிநேரத்தில் உணரவைக்கிறது.

கருவியை வடிவமைத்தவர்கள் இந்தத் திருகுகளை எளிதாக ஒளித்துவைத்திருக்க முடியும். ஒளியியல் பகுதிகள் முழுவதையும் பசையிட்டு நிலைநிறுத்தி, ஒரு பெட்டிக்குள் அடைத்து, பொத்தானை அழுத்தினால் பின்னல் கிடைக்கும் என்று விற்றிருக்கலாம். கல்விச்சந்தையில் அப்படிப்பட்ட கருவிகளுக்கும் வரவேற்பு இருக்கிறது. வகுப்பில் நேரம் மிச்சமாகும், கெட்டுப்போவதற்கும் அதிகம் இல்லை. ஆனால் அப்படிச் செய்திருந்தால் ஆய்வுக்கூடத்தில் மனிதர் செய்யும் வேலை அத்தனையும் கண்ணிலிருந்து மறைந்து, எண்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். திருகுகளை விட்டுவைத்ததை இந்தக் கருவியின் முதன்மையான சிறப்பாகக் கருதுகிறேன். ஒழுங்கு முற்றிலும் கலைந்துபோனால் மீட்டெடுக்கவும் முறை இருக்கிறது: கண்ணுக்குத் தெரியும் சிவப்பு லேசரை இழையின் மறுமுனையிலிருந்து எதிர்த்திசையில் செலுத்தி, அது படிகத்தின் மீது சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது. ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் கையாளப்படும் உத்தி இதுவே; மாணவர் அதை இங்கேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்.

இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்வது கடினம் என்பதும் மறைமுகமாக ஒரு நன்மை. திருகைத் தொடுபவரின் கண் திருகின் மீது இருக்க வேண்டும். எனவே மற்றொருவர் எண்ணிக்கையை வாசித்துச் சொல்ல வேண்டும். “ஏறுகிறது, ஏறுகிறது, நில்லுங்கள், இறங்குகிறது” என்ற குரல் எங்கள் குழுவின் உண்மையான ஆய்வறையிலும் நாள்முழுதும் கேட்டுக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் பொறுமையிழந்தால் திருப்புபவரின் கை நடுங்குகிறது. திருப்புபவர் அவசரப்பட்டால் வாசிப்பவருக்கு எண்கள் பிடிபடுவதில்லை. சிலரோடு சேர்ந்தால் வேலை ஏன் விரைகிறது, சிலரோடு சேர்ந்தால் ஏன் தேங்குகிறது என்பதை இருபத்திரண்டு வயது மாணவர்கள் இங்கேதான் முதன்முதலாகக் கண்டுகொள்கிறார்கள். பின்னாளில் எந்தக் குழுவில் சேர்வது என்று முடிவெடுக்கும்போது, பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலோடு, அக்குழுவினர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் முறையையும் கவனிக்க வேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு. இந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் பொருள் விளக்கமில்லாமலே புரிகிறது.

மறைவாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். ஃபோட்டான்களை உணரும் சிலிக்கான் உணர்கருவிகள், லேசரைக் கட்டுப்படுத்தும் பகுதி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்த ஃபோட்டான்களைக் கணக்கிடும் மின்னணுச் சுற்று ஆகிய அனைத்தும் தொடுதிரையுள்ள ஒரே பெட்டியில் அடங்கியிருக்கின்றன. பயன்படுத்துவதற்கு அது மிக வசதியானது. ஆயினும் குவாண்டம் ஒளியியல் குழுவின் வேலையில் சரிபாதி அந்தப் பெட்டிக்குள் நடப்பதுதான். திரையில் தெரியும் உடனிகழ்வு எண்ணிக்கையில் எவ்வளவு உண்மையான இரட்டைகள், எவ்வளவு தற்செயல் என்று பிரித்தறிவதை மாணவர் கேட்காமலே கடந்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் நொடிக்கு 1 லட்சம் ஃபோட்டான்கள் பதிவாகின்றன என்றும், 30 நானோநொடிக்குள் வந்தவற்றை ‘ஒரே நேரம்’ என்று கணக்கிடுகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு எண்ணிக்கைகளையும் இடைவெளியையும் பெருக்கினால், தற்செயலாக மட்டுமே நொடிக்கு 300 உடனிகழ்வுகள் கிடைக்கும். இதைக் கழிக்க வேண்டுமா, கழித்தால் முடிவை எப்படி நேர்மையாக எழுதுவது என்பது ஒவ்வொரு குழுவிலும் வாராந்தரக் கூட்டத்தில் எழும் விவாதம். எனவே எங்கள் பயிற்சியில் மாணவர்கள் முதலில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, பிறகே போலரைசர்களை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் வடிகட்டிகளை) தொட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். பெட்டியைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. வாங்குகிறவர்கள் இதற்கான நேரத்தையும் பாடத்திட்டத்தில் ஒதுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒழுங்கமைப்பு முடிந்தபின் வரும் பெல் சோதனை, கருவியின் மிகச் சிறந்த பகுதி. ஒரு பக்கத்தின் போலரைசரை 0 பாகையில் நிறுத்தி மறுபக்கத்தைச் சுழற்றினால் உடனிகழ்வு எண்ணிக்கை ஏறி இறங்குகிறது. இது மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. புறப்படும்போதே ஒரே திசையில் அமைந்துவிட்ட சாதாரண இரட்டைகளும் இதையே காட்டும். முதல் போலரைசரை 45 பாகைக்கு மாற்றிய பின்னும் அதே ஏற்ற இறக்கம் குறையாமல் இருக்கிறதா என்பதுதான் சோதனை. இங்கேதான் முதல் முறை பெரும்பாலும் ஏமாற்றம் வரும். முதல் படிகத்தில் உருவாகும் இரட்டைகளுக்கும் இரண்டாவதில் உருவாகும் இரட்டைகளுக்கும் இடையே கட்ட வேறுபாடு (அலைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் அளவு) சரியாக இல்லையென்றால், 45 பாகையில் வளைவரை தட்டையாகிவிடும். ஈடுசெய்யும் படிகத்தைச் சற்றுச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க, வளைவரை மெல்ல எழுந்து வருவதைப் பார்க்கலாம். ஏற்ற இறக்கத்தின் மாறுபாடு ஏறத்தாழ 71 விழுக்காட்டைத் தாண்டினால்தான் S மதிப்பு 2-ஐத் தாண்டும். அடையக்கூடிய உச்சம் 2.83. பதினாறு கோண இணைகளில் அளந்து, கூட்டிக் கழித்து, தங்கள் கணக்கில் 2.4 அல்லது 2.5 என்று வரும்போது மாணவர்கள் கணக்கை மறுபடியும் சரிபார்ப்பார்கள். அந்த எண்ணைத் தாங்களே உண்டாக்கினார்கள் என்பதை உள்வாங்கிக்கொள்ள அவர்களுக்குச் சற்று நேரம் தேவைப்படுகிறது.

இந்தப் பகுதியை நடத்தும்போது 1972-ஆம் ஆண்டின் பெர்க்லி சோதனையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. கிளவுசரும் அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த ஸ்டுவர்ட் ஃப்ரீட்மனும் கால்சியம் அணுக்களிலிருந்து வந்த ஃபோட்டான்களைக் கொண்டு இதே கேள்வியைச் சோதித்தார்கள்; தரவு சேகரிக்கவே ஏறத்தாழ 200 மணிநேரம் ஆயிற்று. ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஃப்ரீட்மன் உயிரோடு இல்லை. பெர்க்லி சோதனைக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் பின்னர் பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் ஆஸ்பே செய்த சோதனைகளின் கட்டுரைகளில் பிலிப் க்ராஞ்சியே, ஜான் தாலிபார் ஆகியோரோடு ஜெரார் ரோஜே என்ற பெயரும் இருக்கும். ரோஜே கருவிகளை உருவாக்கிய பொறியாளர். பொதுவாகக் கட்டுரைகளின் கடைசியில் நன்றிப் பகுதியோடு முடிந்துவிடும் பங்களிப்பு அது. அங்கே ஆசிரியர் பட்டியலில் நின்றது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. எங்கள் குழுவிலும் இயந்திரப் பட்டறையில் கண்ணாடித் தாங்கிகளைக் கடைந்து தருபவரும், மின்சுற்றுகளைப் பழுது பார்ப்பவரும் இல்லையென்றால் ஒரு சோதனையும் நடக்காது. தொழிற்சாலையில் அடுக்கப்பட்டு வரும் கருவியில் இந்த மனிதர்கள் தெரிவதில்லை என்பது இயல்பானதே. அதனால் பயிற்சி நாளின் நடுவே மாணவர்களைக் கீழ்த்தளத்துப் பட்டறைக்கு அழைத்துச் சென்று, ஒரு தாங்கி எப்படி உருவாகிறது என்று பார்க்கவைக்கிறோம்.

கருவியோடு கூடுதலாக வாங்கக்கூடிய துணைத்தொகுதிகளில் நான் முதலில் வாங்கச் சொல்வது ஹான்பரி பிரவுன்–ட்விஸ் தொகுதி. ஒரு ஃபோட்டான் வந்ததாக ஒரு பக்கம் அறிவித்த கணத்தில், மறுபக்கத்து ஃபோட்டானை, ஒளியைப் பாதி ஊடுருவவிட்டுப் பாதி திருப்பியனுப்பும் அரைக்கண்ணாடியில் பட வைத்து, அது இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறதா என்று பார்க்கும் சோதனை இது. க்ராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே மூவரும் 1986-இல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம். ஒளி துகள்களாக வருகிறது என்பதற்கு ஒளிமின் விளைவே போதிய சான்று என்று பாடநூல்கள் கற்பித்து வந்திருக்கின்றன. அதை அலைக்கொள்கையாலும் விளக்க முடியும் என்பதை அறிந்த மாணவர்களுக்கு, இந்தச் சோதனைதான் உண்மையான விடையைத் தருகிறது. மைக்கெல்சன் குறுக்கீட்டுத் தொகுதியை அதோடு சேர்த்து வாங்கினால், அரைக்கண்ணாடியில் பிளவுபடாத அதே ஃபோட்டான், அலைகளுக்கே உரிய குறுக்கீட்டுக் கோலத்தையும் உண்டாக்குவதைக் காட்டலாம். இரண்டு ஃபோட்டான்களை ஒரே அரைக்கண்ணாடியில் சந்திக்கவைக்கும் ஹாங்–ஊ–மாண்டல் தொகுதி அழகானது, ஆனால் இரண்டு பாதைகளின் நீளத்தையும் மைக்ரோமீட்டர் அளவில் பொருத்த வேண்டியிருப்பதால் ஒரு நாள் பயிற்சிக்கு அது பெரிய சுமை. ஆய்வேடு எழுதும் மாணவருக்கு விட்டுவிடுவது நல்லது. ஃபோட்டான்களைக் கொண்டு இரகசியச் சாவியைப் பகிரும் குவாண்டம் மறையீட்டுத் தொகுதி பார்வையாளர் நாட்களுக்கு ஏற்றது.

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா, நாமே அமைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்பதே என் பதில். 2002-இல் அமெரிக்காவின் ரீட் கல்லூரியில் டெலிங்கரும் மிட்செலும் இளநிலை ஆய்வகத்துக்கென்றே ஒரு பெல் சோதனையை அமைத்து 2.307 என்ற S மதிப்பைப் பெற்றார்கள். 2004-இல் விட்மன் கல்லூரியில் மார்க் பெக் தம் மாணவர்களோடு சேர்ந்து அரைக்கண்ணாடிச் சோதனையைச் செய்து, இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் பதிவாவதை அளவிடும் எண்ணுக்கு, செவ்வியல் எல்லையாகிய 1-க்குப் பதில் 0.0177 என்ற மதிப்பைக் காட்டினார். இரண்டுமே விரிவான செய்முறை விளக்கத்தோடு வெளியாகியிருக்கின்றன. இரண்டுமே பெரிய ஆய்வுக்குழு எதுவும் இல்லாத சிறு கல்லூரிகள். லேசர், படிகம், உணர்கருவி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி அமைத்தால் செலவு குறையும். பெட்டிக்குள் மறையும் பாதி வேலையும் மாணவர் கண்முன் நடக்கும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கக்கூடிய ஆசிரியர் ஒருவர் வேண்டும்; அவர் இடம் மாறிப்போனால் அமைப்பைத் தொடர்ந்து பராமரிக்க அடுத்தவர் ஒருவர் வேண்டும். முனைவர் பட்ட மாணவர்கள் சில ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடும் குழுக்களில் இந்தத் தொடர்ச்சி எளிதில் அறுந்துவிடுகிறது. க்யூஇடி தரும் மதிப்பில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது: ஆள் மாறினாலும் கையேட்டை வைத்து அடுத்தவர் அதை இயக்கிவிட முடிகிறது.

இந்தியாவில் 2023-இல் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்ததும், குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் ஐஐடி மெட்ராஸில் அமைந்ததும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இத்தகைய கருவிகளை வாங்கும் ஆர்வத்தைத் தூண்டக்கூடும். வாங்க நினைப்பவர்கள் மூன்று விஷயங்களை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அறையை முழுமையாக இருட்டாக்க முடிய வேண்டும். சாளரத்தின் இடுக்கில் வரும் பகலொளியே உணர்கருவிகளின் எண்ணிக்கையைக் கெடுத்துவிடும். அறையின் வெப்பநிலை ஓரளவு நிலையாக இருக்க வேண்டும். குளிர்சாதனம் நின்று நின்று ஓடும் அறையில் காலையில் செய்த ஒழுங்கு மாலைவரை தாங்காது. 405 நானோமீட்டர் லேசருக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடிகளும், அவற்றை அணிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லும் ஒருவரும் இருக்க வேண்டும்.

பல கல்லூரிகள் சேர்ந்து ஒரு கருவியை வாங்கி, ஒரே இடத்தில் வைத்து, மாணவர்களைச் சிறு குழுக்களாக அங்கே அனுப்புவது எனக்குச் சிறந்த ஏற்பாடாகத் தோன்றுகிறது. ஒரு மேசைக்கு இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர். நான்காவது ஆளுக்குத் திருகைத் தொடும் வாய்ப்பு கிடைப்பதில்லை, அவர் பார்வையாளராகவே திரும்பிப் போகிறார். அவர்களோடு நாள்முழுதும் உட்கார, இந்தத் துறையில் இப்போது ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒரு முனைவர் பட்ட மாணவரை அமர்த்தி, அவருக்கு உரிய ஊதியமும் கொடுக்க வேண்டும். கருவிக்கான நிதியைக் கேட்கும் விண்ணப்பத்திலேயே அந்த ஊதியத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.